தக்காளி ஏற்றும் வண்டி

அகரத்து சுந்தரம்மாளின் பிக்கப் வண்டி, உலகச் சண்டைக்காலத்தில் பட்டாளத்துக்காக ஓடிவிட்டு ஏலத்துக்கு வந்தது. மாட்டு வண்டியில் தக்காளி கொண்டுபோனால் திண்டுக்கல் சந்தை சேர்வதற்குள் பொழுது ஏறிவிடுகிறது என்று அடம்பிடித்து வாங்கினாள். அவள் புருஷன் ஆண்டிச்சாமிக்கு அதில் இஷ்டமே இல்லை. இருந்தும் ஓட்டக் கற்றுக்கொண்டார்.

1958 மாசியில் முன் சக்கரங்கள் ஆட ஆரம்பித்தன. பள்ளத்துக்குப் பள்ளம் வண்டி தூக்கிப் போட்டது. சந்தையில் இறக்கினால் கூடையில் பாதி தக்காளி கூழாகிக் கிடந்தது.

"ஒரு தடவ ரிப்பேர் பாத்துருவோம். அப்பறமும் நசுங்குச்சுன்னா, வித்துப்புட்டு மாட்டப் பூட்டிருவேன்" என்றார் ஆண்டிச்சாமி.

திண்டுக்கல் பேகம்பூரில் பட்டறை வைத்திருந்த நூர் அகமது, வண்டியின் முன்பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, கட்டைகள் கொடுத்து நிறுத்தினார். அடியில் நுழைந்தவர் முறிந்த இரும்புத் துண்டோடு வெளியே வந்தார்.

"அக்கா, வண்டியத் தாங்குற முன் வில்லுல மெயின் பட்டையே முறிஞ்சு கெடக்கு. சக்கரம் திரும்புற முளையும் தேஞ்சுபோச்சு. இத்தன நாளு எப்புடி ஓட்டுனீக?"

"சாமியக் கும்பிட்டுக்கிட்டுத்தான்" என்றார் ஆண்டிச்சாமி.

அந்த வண்டிக்கு மதுரையிலும் சாமான் கிடைக்கவில்லை. உடைத்துப்போட்ட லாரி ஒன்றின் வில் பட்டைகளை நூர் அகமது தேடி வாங்கி வந்தார். கொல்லர் பொம்மையன் அவற்றை அளவாக வெட்டி, உலையில் பழுக்கக் காய்ச்சி வளைத்துக் கொடுத்தார். முளைகளுக்குப் புதிதாகப் பித்தளை புஷ் வளையங்கள் கடைந்து வந்தன. ஐந்தாம் நாள் சக்கரங்களை மாட்டி முடித்த நூர் அகமது, "இனி இதுல யானையவே ஏத்தலாம்" என்றார்.

சுந்தரம்மாள் சோதித்துப் பார்க்கவென்றே ஒரு கூடை பழுத்த தக்காளி கொண்டுவந்திருந்தாள். மலைக்கோட்டை அடிவாரம்வரை ஓட்டிப் பார்த்தார்கள். சக்கரம் துளியும் ஆடவில்லை. ஆனால் முதல் பள்ளத்திலேயே சுந்தரம்மாளின் தலை கூரையில் இடித்தது. கூடையிலிருந்து மூன்று தக்காளி எகிறி ரோட்டில் விழுந்தன.

"போற வழியில மாட்டுக்குப் புண்ணாக்கு வாங்கிக்கிருவோமா?" என்றார் ஆண்டிச்சாமி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

பட்டறைக்குத் திரும்பியதும் சுந்தரம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முன் பம்பர்மேல் ஏறிக் குதித்தாள். வண்டி அசையவில்லை. இன்னொரு தடவை குதித்தாள்.

"பாய், இது லாரிப் பட்டைதான?"

"ஆமாக்கா. கெட்டி இரும்பு."

"லாரி கல்லுச் சொமக்கும். நான் ஏத்துறது தக்காளி. ஒரு ஆளு குதிச்சும் அசையலையே! பக்கத்துக்கு ரெண்டு பட்டையக் கழத்திப் பாருங்க."

நூர் அகமதுவின் முகம் சுருங்கியது. குனிந்து வில்லைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டு சிரித்துவிட்டார்.

"பலம் பலம்னே பாத்தேன்க்கா. பாரத்த மறந்துட்டேன்!"

மத்தியானத்துக்குள் பக்கத்துக்கு இரண்டு பட்டைகளைக் கழற்றி, மீதிப் பட்டைகளுக்கு இடையே கிரீஸ் தடவிப் பூட்டினார். சாப்பாடு கொண்டுவந்த அவர் மனைவி தாஹிரா, "அஞ்சு நாளா வீட்ல இந்த வண்டிப் பேச்சுத்தான். நானும் வாரேன்" என்று சுந்தரம்மாளின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். நூர் அகமது பின்னால் கூடையோடு ஏறினார். ஆண்டிச்சாமி கரூர் ரோட்டில் வண்டியை விட்டார்.

ஒரு பெரிய பள்ளம் வந்தது. சுந்தரம்மாள் பல்லைக் கடித்துக் கண்ணை மூடிக்கொண்டாள். வண்டியின் மூக்கு மெதுவாகத் தாழ்ந்து, மெதுவாக எழுந்தது.

கொஞ்ச தூரம் போனபின் அவள் கண்ணைத் திறந்து, "பள்ளம் வரலையா?" என்றாள்.

"அது எப்பவோ போச்சு" என்றாள் தாஹிரா.

பின்னாலிருந்து நூர் அகமது கத்தினார்: "ஒண்ணுகூட நசுங்கலக்கா!"

அகரம் விலக்கு வந்தது. ஆண்டிச்சாமி வண்டியைத் திருப்பவில்லை.

"ஏங்க, நம்ம ஊரு தாண்டிருச்சு."

"தெரியும். செத்த நேரம் சும்மா வா" என்றவர், தாடிக்கொம்பை நோக்கி இன்னும் வேகமாக மிதித்தார்.