யாருக்கும் வெட்டில்லாத தொண்ணூறு லட்சம்

தொண்ணூறு லட்சம் டாலர் இடித்தது. காலையிலிருந்து மாவிஸ் ட்ரெட்வே எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும், மாநில பட்ஜெட்டில் அந்தத் தொண்ணூறு லட்சம் மட்டும் துண்டு விழுந்துகொண்டே இருந்தது.

வாஷிங்டனில் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. துண்டு விழுந்தால் கடன் வாங்கிக்கொள்வார்கள். மாநிலத்துக்கு அந்த வசதி கிடையாது. வரவும் செலவும் சமமாக நின்றால்தான் மசோதா செல்லும். மாநில செனட் நிதிக்குழுவின் கணக்குகளைப் பார்த்தே தலை நரைத்த மாவிஸுக்கு இந்த விதி ரொம்பப் பிடிக்கும். ஒரு குழாயைத் திறந்தால் இன்னொன்றை மூடியாக வேண்டும். தண்ணீர் எங்கே போகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம்.

இந்த வருஷம் திறந்த குழாய் வருமான வரிக் குறைப்பு. குழுத் தலைவர் லைல் ஹெட்ரிக் அதைச் சொல்லித்தான் ஜெயித்திருந்தார். அதனால் விழுந்த பள்ளத்தில் பாதியை மாவிஸே மூடிக் கொடுத்துவிட்டாள். நிதியாண்டு ஜூன் மாதத்தோடு முடிகிறது. ஜூன் கடைசி நாள் போட வேண்டிய ஆசிரியர் சம்பளத்தை ஜூலை முதல் நாள் போட்டால், ஆண்டுக்கணக்கில் ஒரு மாதச் சம்பளமே ஏறாது. அழகான வித்தை. ஆனால் ஒரு தடவைதான் செய்ய முடியும்.

மீதியை மூட விடாமல் மேஜைக்கு எதிர்ப்புறம் உட்கார்ந்திருந்தவர் எதிர்க்கட்சியின் பெண் செனட்டர் நாடீன் ஷ்ரோடர். அவர் பக்கத்து ஓட்டுகள் இல்லாமல் மசோதா தேறாது. பகல் பன்னிரண்டு மணி ஆனால் கூட்டத்தொடரே முடிந்துவிடும். அதனால் ஹெட்ரிக் நாற்காலி மேல் ஏறி, சுவர்க் கடிகாரத்தின் மேல் தன் கோட்டை மாட்டியிருந்தார். முள் கண்ணில் படாதவரை பன்னிரண்டு ஆகாது என்பது அந்தக் கட்டடத்து வழக்கம்.

"பள்ளிக்கூடத்துல கை வச்சே, நான் எழுந்து போயிடுவேன், லைல். உன் பணக்கார சிநேகிதங்களுக்கு வரியைக் குறைக்க எங்க பிள்ளைங்க பட்டினி கிடக்கணுமா?"

"பட்டினியா? உங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல ரெண்டு நீச்சல் குளம் இருக்கு, நாடீன். மாடு குளிப்பாட்டவா?"

"நீயும் வந்து குளி. நாத்தமாவது போகும்."

ஹெட்ரிக் சிரித்தார். "சரி, ரோடு?"

"ரோடும் இல்ல, ஆஸ்பத்திரியும் இல்ல. வெட்டுன்னு ஒரு வார்த்தை மசோதாவுல இருந்தா நான் ஊர்ல தலைகாட்ட முடியாது."

மாவிஸின் போன் அதிர்ந்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணிடமிருந்து செய்தி: வேர்ன் ஆப்பிள் கூழ் கொஞ்சம் சாப்பிட்டான், பாதி வெளியே வந்துவிட்டது. வேர்ன் மாவிஸின் தம்பி. நரம்பு நோயில் கை, கால் போய், இப்போது தொண்டையும் போய்க்கொண்டிருந்தது. மாநிலத்தின் வீட்டுப் பராமரிப்புத் திட்டத்தில் நோயாளியைக் கவனிக்க வீட்டுக்கே பயிற்சி பெற்ற ஆள் அனுப்புவார்கள். நெடுநாள் காத்திருந்து, வேர்ன் பெயர் இப்போதுதான் வரிசையின் முன்னால் வந்திருந்தது. ஜூலையில் ஆள் வரும். ஆள் இருந்தால் சில வருஷம் ஓட்டலாம், இல்லாவிட்டால் கிறிஸ்துமஸே சந்தேகம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"மாவிஸ், இதென்ன?" ஹெட்ரிக்கின் விரல் அவளுடைய அட்டவணையில் ஓர் இடத்தில் நின்றது. "இந்த வீட்டுப் பராமரிப்புல மட்டும் வருஷா வருஷம் பணம் மிச்சமாகுதே. யாரும் வெட்டலையே?"

யாராவது ஒரு விஷயம் எப்படி நடக்கிறது என்று கேட்டால் மாவிஸின் முகமே மலர்ந்துவிடும். இப்போதும் மலர்ந்தது.

"அது ரொம்ப சுவாரஸ்யமானது, செனட்டர். திட்டத்துல இத்தனை இடம்தான்னு கணக்கு. ஓர் இடம் காலியானா வரிசைல முதல் ஆளுக்குக் கடிதம் போகும். அந்த ஆள் பல சமயம் இருக்க மாட்டார். அப்புறம் அடுத்தவரைத் தேடணும், பரிசோதிக்கணும். அதுவரைக்கும் இடம் சும்மா கிடக்கும். அந்தப் பணம்தான் மிச்சம்."

"இருக்க மாட்டார்னா? எங்கே போயிடுவாங்க?"

"செத்துப் போயிடுவாங்க, செனட்டர்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே காதில் விழுந்தது. ஹெட்ரிக் மெதுவாக நாற்காலியில் சாய்ந்தார்.

"அப்போ, புதுசா சேர்க்கறதையே கொஞ்சம் தள்ளிப்போட்டா?"

நாடீன் நிமிர்ந்தார். "அது வெட்டா?"

"இல்லவே இல்ல. இடமும் குறையாது, தொகையும் குறையாது. தேதி மட்டும் நகரும். நீ ஊர்ல போய், 'ஒரு காசு வெட்ட விடலை'ன்னு மார்தட்டிக்கலாம். நான் வரியைக் குறைச்சேன்னு சொல்லிக்கறேன்."

நாடீன் அட்டவணையைத் தன் பக்கம் இழுத்தார். "பள்ளிக்கூடம் தப்பிச்சுதுல்ல?"

"நீச்சல் குளம் உட்பட."

"சரி."

"செனட்டர்," என்றாள் மாவிஸ். "வரிசைல அடுத்த ஆள் என் தம்பி."

ஹெட்ரிக் கையை உயர்த்தினார். "பேர் சொல்லாதே, மாவிஸ். பேர் தெரிஞ்சு சலுகை காட்டினா அது ஊழல்."

நாடீன் எழுந்து வந்து அவள் தோளை அணைத்துக்கொண்டார். "அய்யோ, கண்ணு. ஞாயித்துக்கிழமை சர்ச்ல அவனுக்காகப் பிரார்த்தனை பண்றேன். பழம் வச்சு ஒரு கேக் சுட்டும் அனுப்பறேன். அவனுக்கு செர்ரி பிடிக்குமா?"

"அவனால முழுங்க முடியாது."

"அப்போ நீ சாப்பிடு."

"அக்டோபர் வரைக்கும் தள்ளிப் பாரு," என்றார் ஹெட்ரிக்.

மாவிஸ் கணினியில் தட்டினாள். "போதலை. பாதிகூட வரலை."

"ஜனவரி?"

இந்த அறையில் அவளைத் தவிர யாருக்கும் அந்தக் கணக்குப் போடத் தெரியாது. வராது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பிற்பகலுக்குள் வரிக் குறைப்பே செத்துவிடும். ஜனவரி என்று போட்டாள். காலியான இடங்கள், பனிக்காலத்தில் வரிசையிலிருந்து போகிறவர்கள், அவர்களுக்குப் பின்னால் இன்னும் தேடப்படாதவர்கள் எல்லாம் ஒன்றோடொன்று கூடி வந்து, வரவும் செலவும் ஒரு கோட்டில் நின்றன. காலையிலிருந்து நிற்காதது நின்றது. பொய் சொல்ல வாயைத் திறந்தாள். ஆனால் கணக்கு சேர்ந்து நிற்கும்போது நெஞ்சில் எழும் அந்தச் சின்ன சந்தோஷம் முந்திக்கொண்டது.

"வருது, செனட்டர்."

"எழுது. வாசகம் சுருக்கமா இருக்கட்டும்."

அவர் நாற்காலியில் ஏறிக் கோட்டை எடுத்துக்கொண்டிருந்தபோது அவள் எழுதி முடித்திருந்தாள்: வீட்டுப் பராமரிப்புத் திட்டத்தில் புதியவர்களைச் சேர்ப்பது ஜூலை முதல் தேதிக்குப் பதிலாக ஜனவரி முதல் தேதி தொடங்கும்.