கரியாலா, மகரா

சம்பல் ஆற்று மணலில் முலாம்பழத்துக்குக் குழி தோண்டும்போது என் ஓரகத்தி குஸ்மாவின் மண்வெட்டி முட்டைகளில் இடித்தது. அவளுடைய இடது கையில் பாதி விரல்கள் இல்லை. முன்பு ஆற்றில் குடம் முக்கும்போது அகன்ற வாய் முதலையான மகர் ஒன்று கவ்வியது.

"மகர் முட்டைன்னா ஒண்ணையும் விடமாட்டேன்" என்றாள்.

ஊசிமூக்கு முதலையான கரியாலின் முட்டை என்றேன். அந்தத் திட்டில் கரியால்கள்தான் வெயில் காயும். அவசரமாக மணலைத் தள்ளி மூடினேன். மூடிய இடத்தைப் பார்த்த வனக்காவலர் ஹர்விலாஸும் அப்படித்தான் சொன்னார். இரண்டும் முதலைதான், ஆனால் குடும்பம் வேறாம். ஊசிமூக்குக் கரியாலுக்கு ஓடும் ஆறும் மீனும் வேண்டும், மனிதரைத் தொடாது. மகர் குட்டையிலும் கால்வாயிலும்கூடப் பிழைத்துக்கொள்ளும். மகருக்கும் ஆபத்து உண்டு, கரியாலோ அழிவின் விளிம்பில் நிற்கிறது என்றார்.

"ஊசிமூக்கன்னா இருந்துட்டுப் போகட்டும்" என்றாள் குஸ்மா. "பொரிஞ்சு வர்றது அகலவாயா இருந்துச்சுன்னா, சின்னவளே, உன்னையும் சேர்த்துப் பொதைச்சிருவேன்."

நரி வரும் பக்கம் அவளே முள் போட்டாள். மூக்கு நுனியில் குடம் போன்ற புடைப்பு ஏந்திய ஆண் கரியால் முதுகு நிறையக் குஞ்சுகளைச் சுமந்து நீந்தப்போவதை நினைத்து நான் பூரித்துக் கிடந்தேன். நம்மைத் தீண்டாததிடம் அன்பு வைப்பது எவ்வளவு சுலபம் என்று அப்போது தோன்றவில்லை.

பழம் ஓய்ந்த கோடையில் ஒரு விடியற்காலை, மணலுக்குள்ளிருந்து முனகல் கேட்டது. குஸ்மா மண்வெட்டியோடு முன்னே போனாள். ஆற்றிலிருந்து தாய் ஏறி வந்தது. அகன்ற வாய். நாங்கள் முள்ளுக்குப் பின்னால் ஒதுங்கினோம்.

அது மணலைக் கிளறிக் குஞ்சுகளை வாயில் அள்ளியது. கரியாலின் ஒல்லி மூக்கால் முடியாத காரியம். பற்களுக்கு நடுவே சின்னத் தலைகள் எட்டிப் பார்த்தன. அது ஆற்றில் இறங்கியதும், முள் ஓரம் ஒரு குஞ்சு மட்டும் கத்திக்கொண்டு கிடந்தது. குஸ்மாவின் காலடியில்.

அவள் மண்வெட்டியைத் தூக்கவில்லை. தன் கையைப் பார்த்தாள், பிறகு ஆற்றை.

"இதே மாதிரி வாய்தான்" என்றாள் மெதுவாக. "எம்புட்டுப் பதமாப் பிடிக்குது பாரு."

மண்வெட்டியைக் குஞ்சுக்கடியில் செருகி, ஏந்திக்கொண்டுபோய் ஈரமணலில் வைத்துவிட்டுப் பின்வாங்கினாள். தாய் திரும்பி வந்து அதையும் கவ்வியது.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"பேசாத. உன்னைப் பொதைக்கிறதை அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றாள். பிறகு குடத்தை என் இடுப்பில் வைத்து, குஞ்சுகள் இருக்கும் இந்தப் பக்கம் இறங்காமல் மேல்துறைக்குப் போய்த் தண்ணீர் எடுக்கச் சொன்னாள்.