தூதருக்குப் போட்ட மெத்தை

துறைமுகத்தில் வந்திறங்கிய பெட்டகங்களைத் திறந்த நாள் முதல் வக்கீலம்மாவுக்கு வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. பின்னே? "அன்பளிப்பு, மறுபயன்பாட்டுக்கு உகந்தது" என்று ஜம்பமாக முத்திரை குத்தி, ஒரு காலத்தில் இந்த நாட்டை ஆண்டவர்கள் அனுப்பியிருந்தது, அவர்களுடைய ஆஸ்பத்திரிகளில் கழித்துப்போட்ட மெத்தைகள். கறையும் நாற்றமும் எலி கடித்த ஓட்டையுமாக! போன தடவை வந்ததை எவரும் சீந்தவில்லை. கடைசியில் அவளுடைய அக்கா நடத்தும் விடுதிக்குப் பின்னாலிருந்த காலி மனையில் போட்டுக் கொளுத்தினார்கள். அன்று பிடித்த இருமல் அக்கா மகளை இன்னும் விடவில்லை. இந்தத் தடவையும் அதே மனைதான் என்று துறைமுக அதிகாரி கையை விரித்துவிட்டார்.

வக்கீலம்மாவுக்குச் சுற்றுச்சூழல் துறையில் வேலை. உலக நாடுகள் கூடிப் போட்ட கழிவு ஒப்பந்தம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். குப்பை என்று ஆகிவிட்டால், அனுப்பிய நாடே திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். சரி, குப்பை என்று யார் சொல்வது? அங்கேதான் வைத்திருந்தார்கள் ஆப்பு. கொடியை இறக்கிக்கொண்டு போன அன்று எழுதி வாங்கிய பழைய உடன்படிக்கை ஒன்று இன்னும் உயிரோடிருந்தது. அவர்கள் நாட்டுச் சரக்கின் தரத்தைப் பற்றி அவர்களுடைய தூதர் சொல்வதே முடிவு. சுதந்திரம் நமக்கு, தீர்ப்பு அவர்களுக்கு! எப்படி இருக்கிறது கதை?

தூதரோ கல்லுளிமங்கன். தொலைபேசியில் தேனாக வழிந்தார். "அருமையான மெத்தைம்மா. அன்போட குடுக்கறோம்." நம் பாஷையை வெளுத்துவாங்குவதில் அவருக்குத் தனிப் பெருமை. ஒப்படைப்பு விழாவுக்கு முந்தின நாளே வந்து தங்குவதாகவும் சொன்னார். துறைமுகத்துப் பக்கம் தங்குவதற்கு அக்காவின் விடுதியை விட்டால் வேறு கிடையாது. வக்கீலம்மாவின் புத்தி குறுக்கே ஓடியது.

"அக்கா, தூதர் அறைக்கு மெத்தை நான் அனுப்பறேன்."

விஷயம் புரிந்ததும் அக்கா கொதித்தாள். "உனக்கென்ன பைத்தியமாடி? என் விடுதியில தங்கினவங்க யாராவது முகம் சுளிச்சிருக்காங்களா?"

"அவங்க குடுத்த பரிசுல அவங்களே படுக்கப் போறாங்க. உனக்கென்ன கெட்ட பேரு?"

"நோய்நொடி ஏதாவது ஒட்டிக்கிச்சுன்னா?"

"இருக்கறதுலயே நல்லதாப் பொறுக்கி, மேல ரப்பர் விரிப்பும் போட்டுடறேன். போதுமா?"

உள்ளே மகள் இருமத் தொடங்கினாள். இருமினாள், இருமினாள், நிற்கவே இல்லை. அக்கா அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு அலமாரியிலிருந்து சலவை செய்த வெள்ளை விரிப்பை எடுத்து நீட்டினாள்.

"மேல போடறதாவது என்னுதா இருக்கட்டும்."

விழா நாள் காலையில் வக்கீலம்மா துறைமுக அதிகாரியையும் பத்திரிகைக்காரர்களையும் காபிக்கு அழைத்து, விடுதியின் சாப்பாட்டு அறையில் உட்கார வைத்திருந்தாள். தூதர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்தார். தேனெல்லாம் எங்கே போயிற்றோ!

"அது என்ன மெத்தையா? குப்பை! சுத்தக் குப்பை! ஒரு மனுஷனுக்கு அதைப் போட உங்களுக்கெல்லாம் வெட்கமா இல்ல?"

வக்கீலம்மா பயபக்தியோடு எழுந்து நின்றாள். "குப்பைன்னா சொன்னீங்க?"

"குப்பைதான்! எத்தனை தடவை வேணாலும் சொல்வேன்!"

"ஒரு தடவையே போதுங்க" என்றவள், மெத்தையைக் கீழே கொண்டுவரச் சொல்லி, அதன் ஓரத்திலிருந்த அன்பளிப்பு முத்திரையைக் காட்டினாள். பத்திரிகைக்காரர்கள் படமெடுத்துத் தள்ளினார்கள். சிரிப்பை அடக்கப் போய்த் துறைமுக அதிகாரிக்குப் புரையேறியது.

தூதரின் முகம் தொங்கிப்போயிற்று. உடன்படிக்கையை அவருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவர்கள் எழுதியதுதானே.

"சரிம்மா, எல்லாத்தையும் திருப்பி எடுத்துக்கறோம்" என்றார் குரலைத் தாழ்த்தி. "ஆனா நீங்களே கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. இவ்வளவையும் கொண்டுபோய் அங்க எங்க கொளுத்தறது? எங்க பார்த்தாலும் ஜனங்க குடியிருக்காங்களே!"

வேடிக்கைக்குச் சொல்லவில்லை அவர். மனதாரக் கவலைப்பட்டுத்தான் சொன்னார். காபி ஊற்றிக்கொண்டிருந்த அக்கா பாத்திரத்தைக் கீழே வைத்தாள். உள்ளே போய் மகளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, தூதருக்கு எதிர் நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"இவ இங்க குடியிருக்கா" என்றாள்.