இரண்டு சுற்றுச் சங்கிலி

எத்னா அந்தப் பெண்ணின் கையை விடவில்லை. நசுக்கிப் பிடித்திருந்தாள். அப்பாவின் சவப்பெட்டியை ஒட்டிப் போட்டிருந்த நாற்காலியில் காலையிலிருந்து உட்கார்ந்து, வரிசையில் வந்தவர்களுக்கெல்லாம் கை கொடுத்து உள்ளங்கை காந்திக்கொண்டிருந்தது. உங்கள் துக்கத்துக்கு வருந்துகிறோம் என்று ஊரே ஒரே வாக்கியத்தைச் சொல்லிவிட்டு அடுக்களைக்குத் தேநீர் குடிக்கப் போனது. இந்த அமெரிக்கப் பெண் மட்டும் வேறொன்றைச் சொல்லிவிட்டாள்.

"அந்த கேட்டை நான்தான் மூடினேன்."

"இன்னொரு தடவை சொல்லு."

"கடைசியா வந்தது நான். எங்க பண்ணையில கேட்டைத் திறந்து போட்டா எங்கப்பா தோலை உரிச்சுடுவார். அதான் மூடிட்டு, சங்கிலியையும் ரெண்டு சுத்து சுத்தினேன். நல்லதுதான் செய்யறேன்னு நெனச்சேன்."

பெயர் கோரா. பத்தொன்பது வயது. அயர்லாந்தின் பழமையையும் மலையையும் கரையையும் பார்த்துப் படிக்க வந்த கல்லூரிக் கூட்டத்தில் ஒருத்தி. வருடா வருடம் ஜூனில் இப்படி ஒரு கூட்டம் வரும். எத்னாவின் அப்பா மலாக்கிதான் அவர்களைப் பழைய மண்கோட்டைக்கு அழைத்துப் போவார். கேட்க ஆள் கிடைத்தால் போதும், மனிதருக்கு வாய் ஓயாது. வழி அவருடைய தம்பி உல்தானின் வயல் வழியாகப் போயிற்று. அந்த வழிக்காகத்தான் அண்ணனும் தம்பியும் பதினோரு வருடமாகப் பேசுவதில்லை. உல்தான் இரண்டு தடவை கேட்டில் சங்கிலியைச் சுற்றிப் பூட்டினார். இரண்டு தடவையும் மலாக்கி பூட்டை உடைத்தார்.

அந்தப் பக்கத்தில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும், கேட் எப்படி இருந்ததோ அப்படியே விட வேண்டும். திறந்து கிடந்தால் மாடு தண்ணீருக்குப் போய்வருகிறது என்று அர்த்தம். மலாக்கி அதை மாணவர்களிடம் சொல்லவில்லை. இதையெல்லாம் ஒருவருக்குச் சொல்ல வேண்டியிருக்கும் என்றே அவருக்குத் தோன்றியிருக்காது.

மூன்று நாளைக்கு முன்னால் உல்தானின் செவலைக் காளை கோட்டை மேட்டுக்குப் பின்னால் படுத்திருந்தது. அது எழுந்து வருவதைப் பார்த்ததும் மலாக்கி பிள்ளைகளை மேட்டின் மேல் ஏறச் சொல்லிக் கத்திவிட்டு, தொப்பியை ஆட்டிக் காளையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு ஓடினார். திறந்த கேட்டைத் தாண்டி இழுத்துச் சாத்திவிடலாம் என்ற தைரியம். அறுபத்தாறு வயது, வலது இடுப்பில் எஃகு வைத்த உடம்பு. கேட் மூடிக் கிடந்தது. சங்கிலியின் ஒரு சுற்றை அவிழ்த்துவிட்டார். அடுத்ததில் விரல் வைத்தபோது காளை அவரைக் கம்பியோடு சேர்த்துக் குத்தித் தேய்த்தது. விழுந்த பிறகும் விடவில்லை. இருபத்திரண்டு பிள்ளைகள் மேட்டில் நின்று அலறினார்கள். சாயங்காலம் மாட்டு டாக்டர் வந்து காளையைச் சுட்டார். அதற்கும் அப்பாவுக்கும் ஒரே புல்லில்தான் ரத்தம் கிடந்தது.

அவிழாத அந்த ஒரு சுற்றை எத்னா கண்ணால் பார்த்தாள். அவளுக்கு அது போதுமாக இருந்தது. இன்று காலை தம்பி ஓரனிடம், காளையை விட்டுச் சங்கிலியும் போட்டது சித்தப்பாதான், இது கொலை என்று சொன்னாள். அடுக்களையில் நின்ற நாலு பேர் காதிலும் விழட்டும் என்றே சொன்னாள். ஓரன் தன் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான்.

இப்போது முற்றத்தில் தகரம் அதிரும் சத்தம் கேட்டது. யாரோ உல்தான் வந்துவிட்டார் என்றார்கள். சாவு வீட்டுக் கதவை எவருக்கும் அடைப்பதில்லை என்ற நம்பிக்கையில் வந்திருக்கிறார்.

எத்னா கோராவைக் கையோடு இழுத்துக்கொண்டு ஓடினாள். சித்தப்பா கோழிக்கூண்டை ஒட்டி மல்லாந்து கிடந்தார். ஓரன் அவர் மார்பில் உட்கார்ந்து முகத்தில் அடித்துக்கொண்டிருந்தான், அவசரப்படாமல், வேலிக்குக் கம்பம் அடிக்கிறவனைப் போல. சுற்றிலும் ஆண்கள் தேநீரோடு நின்றார்கள். ஒருவரும் தடுக்கவில்லை. அவள் காலையில் சொன்னது எல்லோரையும் எட்டியிருந்தது.

"நிறுத்துடா. மூடினது அவர் இல்ல."

அவன் காதில் ஏறவில்லை. அவள் அவன் தலைமுடியைப் பிடித்து இழுத்தாள். அவன் முழங்கை பின்னால் வந்து அவள் வாயைக் கிழித்தது. ரத்தத்தைத் துப்பிவிட்டு மறுபடி இழுத்தாள்.

"நான் மூடினேன்," என்றாள் கோரா.

ஓரன் எழுந்தான். விரல் முட்டிகளில் தோல் உரிந்து தொங்கியது. கோராவை நோக்கி வந்தான். அவள் நகரவில்லை, கண்ணை மட்டும் மூடிக்கொண்டாள். கீழே கிடந்த உல்தான் புரண்டு அவன் கணுக்காலைப் பிடித்தார்.

"அவளை விடுடா. காளையை அங்க விட்டது நான். இவங்க வர்ற நாள்னு தெரிஞ்சுதான் விட்டேன்." உடைந்த பல்லைத் துப்பினார். "பாத்துட்டுப் பயந்து திரும்பிடுவான்னு நெனச்சேன். எங்கண்ணன் என்னைக்குடா பயந்திருக்கான்?"

அவர் அழுதார். மூக்கிலிருந்தும் வாயிலிருந்தும் ஒழுக ஒழுக அழுதார். ஓரன் காலை உதறிக்கொண்டு தொழுவத்துக்குள் போனான். உள்ளே எதையோ உதைத்து உடைக்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது. எத்னாவுக்கு அந்தக் கிழவரை அறைய வேண்டும் போலிருந்தது, அந்தப் பெண்ணை அறைய வேண்டும் போலிருந்தது, எல்லோரையும்விட முதலில் தன்னையே. போய் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து சித்தப்பாவின் முகத்தைக் கழுவினாள். இதம் பார்க்காமல் அழுத்தித்தான் துடைத்தாள்.

மறுநாள் காலை பெட்டியைத் தூக்கும் நேரம் வந்தது. முன்னால் ஒரே உயரமாக இரண்டு பேர் வேண்டும் என்றார் அடக்கம் நடத்துகிறவர். அந்த வீட்டு உயரம் ஓரனுக்கும் உல்தானுக்கும்தான் இருந்தது. வீங்கி மூடிய கண்ணோடு உல்தான் வந்து தோள் கொடுத்தார். பெட்டிக்கு அடியில் தூக்குகிறவர்கள் ஒருவர் தோளை மற்றவர் வளைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் நிற்காது. உல்தான் பிடித்தார். ஓரனின் கை தொங்கியே கிடந்தது. பெட்டி ஒரு பக்கமாக இறங்கியது.

"அப்பா சாயறார், ஓரன்," என்றாள் எத்னா.

கட்டுப் போட்ட கை மெதுவாக எழுந்து, சித்தப்பாவின் கோட்டுத் துணியை முதுகுப் பக்கம் கொத்தாகப் பிடித்தது. பெட்டி நிமிர்ந்தது. நடந்தார்கள்.

எத்னா முற்றத்து கேட்டைத் தாண்டித் திரும்பிப் பார்த்தாள். மாணவர்கள் இரண்டிரண்டு பேராக வந்துகொண்டிருந்தார்கள். கடைசியில் கோரா. கேட்டின் கம்பியில் கை வைத்துக்கொண்டு, மூடுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள்.

"விடு," என்றாள் எத்னா. "அது திறந்துதான் இருந்துச்சு."

கோரா கையை எடுத்து மழைச்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு வந்தாள்.