எந்தப் பேட்டையில் குடியிருப்பது

என் அக்கா செவந்தியின் புருஷன் பினாங்குக்குப் போய் அப்போது வருஷம் ஒன்பது ஆகியிருந்தது. "வீடு பாத்துட்டு வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனவன்தான். அவள் இன்னும் பொட்டு வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி கிடந்தாள். அதனால் என் புருஷன் ஆண்டிச்சாமி பட்டணத்திலிருந்து லீவில் வல்லத்திராக்கோட்டைக்கு வந்த அன்றே நான் முடிவு பண்ணிவிட்டேன். இந்தத் தடவை அவரைத் தனியாக ரயில் ஏற விடுவதில்லை.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியாகிக்கொண்டிருந்த வருஷம் அது. புதுக்கோட்டை ஸ்டேஷனில் ஜனங்கள் அண்டா குண்டானோடு வந்து இறங்கினார்கள். அப்படி யாரோ விட்டுவிட்டு வந்த வேலைதான் இவருக்குக் கிடைத்திருந்தது. கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்குவது. "எல்லாரும் ஓடியார ஊருக்கு நீ எதுக்குடி போறே சொர்ணம்?" என்று பக்கத்து வீட்டுப் பிச்சையம்மாள் கேட்டாள். நல்லா கேட்டாள் போ! மழை பொய்த்து மூன்று வருஷம். கண்மாய் வெடித்துக் கிடக்கிறது. என் மகள் மருதாயிக்கு நாலு வயது, இடுப்பில் வைத்தால் கனமே தெரியவில்லை. குண்டு விழுந்தாலும் விழும், விழாமலும் போகும். பசி அப்படியா?

"ஏங்க, எந்தப் பேட்டையில குடியிருக்கிறது?" என்று நின்றால் கேட்டேன், உட்கார்ந்தால் கேட்டேன்.

"சைதாப்பேட்டையில ஆறு இருக்கு" என்பார். "ஆனா ஷெட்டுக்குத் தூரம். பெரம்பூரு கிட்டக்க. ஆனா அங்கிட்டு ரயில் பட்டறை இருக்கு, குண்டு போட்டா மொத அங்கதான். தாம்பரத்துல கெணத்துத் தண்ணி நல்லாருக்காம். காலையில ரயிலப் பிடிக்கணும்."

எனக்குச் சைதாப்பேட்டைதான் மனசில் விழுந்தது. ஆற்றங்கரையில் ஓர் அறை, குழந்தையைக் குளிப்பாட்ட இரண்டு குடம் தண்ணீர். அதற்குமேல் நான் ஒன்றும் ஆசைப்படவில்லை. "வாடகைக்குச் சொல்லிட்டு வந்தீங்களா?" என்றால் மட்டும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார். மாட்டை விற்று ஒரு மாசம் ஆகியிருந்தது என்பதைக்கூட மறந்துதான் எழுந்து போவார்.

கடைசியில், "அய்யனாருகிட்டப் பூக்கட்டிக் கேப்போம்" என்றார்.

எங்கள் பக்கத்தில் பெண் எடுப்பதானாலும் கிணறு வெட்டுவதானாலும் அப்படித்தான். பூவை இலைக்குள் மடித்துக் கட்டிச் சாமி காலடியில் வைத்தால், ஒரு குழந்தை எடுப்பதுதான் உத்தரவு. செவ்வரளி வந்தால் சைதாப்பேட்டை, நந்தியாவட்டை பெரம்பூர், ஆவாரம்பூ தாம்பரம் என்று பேசிக்கொண்டோம். "வேப்பெலையும் ஒண்ணு வைப்போம். அது வந்தா சாமி ஒன்னையும் புள்ளையையும் போக வேணாங்குதுன்னு அர்த்தம்" என்றார். மூன்று பூவுக்கு ஒரு இலைதானே என்று நானும் தலையாட்டினேன்.

ரயிலுக்குப் போகிற அன்று மத்தியானம், மூட்டை முடிச்சோடு கோயிலுக்குப் போனோம். குடும்பத்து ஆண்பிள்ளைதான் கட்ட வேண்டும், யாரும் பார்க்கக் கூடாது. அவர் கோயிலுக்குப் பின்னால் போய்ப் பூவரச இலையில் நாலு பொட்டலம் கட்டிக்கொண்டு வந்து வைத்தார். மருதாயி ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

பிரித்தேன். வேப்பிலை.

"அய்யனாரே, ஒனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா!" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். செவந்தியின் வாசல்தான் எனக்கும் என்று தெரிந்துவிட்டது. "சரி, சாமி சொல்லிருச்சு. எந்திரி புள்ள" என்றார் அவர். சைதாப்பேட்டையைக் கண்ணாலாவது பார்த்துவிட்டுப் போகிறேன் என்று செவ்வரளியைத் தேடி இன்னொரு பொட்டலத்தைப் பிரித்தேன்.

அதிலும் வேப்பிலை. அடுத்ததிலும். நாலாவதிலும்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் அய்யனாரைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

"அங்க எவளாச்சும் இருக்காளா?"

"ஐயோ, அந்தப் பாவம் எனக்கு வேணாம்" என்றார். துண்டை வாயில் வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். "வீடு ஏது சொர்ணம்? தெருத் தெருவா காலியாத்தான் கெடக்கு. மூட்டை தூக்குறவன்னா தொறந்து விட மாட்டேங்கிறாக. ஷெட்டு வராந்தாவுல ஆம்பளைகளோட ஆம்பளையாப் படுத்துக் கெடக்கேன். ஊரெல்லாம் வீடு பாத்துட்டேன்னு சொல்லிட்டேன். ஒன்கிட்ட எப்படிச் சொல்லுவேன்?"

"அதுக்குச் சாமி மேல பழியப் போடுவீகளா?" எனக்கு ஆத்திரத்தில் குரல் கிழிந்துவிட்டது. "இப்பச் சாமி வேணாம்னு சொல்லலைல்ல? நீங்கதான சொன்னீக?"

நாலு வேப்பிலையையும் அள்ளி அவர் கையில் வைத்தேன்.

"நானும் புள்ளையும் வாரோம்."

"எங்கடி படுப்பே?"

"பூட்டுன வீட்டு வாசல்ல. ஆளு ஓடிப்போன ஊருல ஒரு வாசல்கூடவா இருக்காது?"

"வெரட்டுவாங்கடி."

"வெரட்டுனா அடுத்த வாசல்."

அவர் மருதாயியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு பின்னாலேயே போனேன்.