காலரிக்குக் கீழே

இந்தியக் கால்பந்து அணி தோற்பதற்கு வனஜாவின் உதவி ஒருபோதும் தேவைப்பட்டதில்லை. ஆசியப் போட்டி எதுவானாலும் கொரியாக்காரனோ ஈரான்காரனோ எதிரில் வந்து நின்றால் போதும், நம் ஆட்கள் தாங்களாகவே தோற்றுவிட்டு வருவார்கள். ஆனாலும் கல்கத்தாவின் பெஹாலாவில், துறைமுக ஊழியர் குடியிருப்பின் ஒரு மாடி வீட்டில், பழி என்னவோ வனஜாவின் தலையில்தான் விழுந்தது.

ஆரம்பித்து வைத்தவர் அவள் கணவர் சிதம்பரம். சொந்த ஊர் தூத்துக்குடி, வேலை கல்கத்தா துறைமுகத்தில், உயிர் ஃபுட்பாலில். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு நாள், டிவியில் இந்தியா ஒரு கோல் முன்னால் இருந்தது. வனஜா டீ கொண்டுவந்து வைத்தாள், எதிரணி ஒரு கோல் போட்டது. காலித் தம்ளரை எடுக்க வந்தாள், இன்னொரு கோல். "ஏட்டி, நீ அடுக்களையிலயே கிட. நீ எட்டிப் பாத்தா நம்ம கோல்போஸ்ட் அகலமாயிருதுல்லா" என்றார் சிதம்பரம். பக்கத்து வீட்டு மித்திரர் வயிறு குலுங்கச் சிரித்து, 'ஓபோயா' என்று அவளுக்குப் பெயரும் வைத்தார். ராசியில்லாதவளுக்கு வங்காளிகள் சொல்லும் சொல் அது.

அன்று முதல் அந்த வீட்டில் அது சட்டம். மேட்ச் நாளில் சிதம்பரம் இடது காலை மடித்துத்தான் உட்காருவார், மித்திரர் கதவோரம்தான் நிற்பார், வனஜா அடுக்களையை விட்டு வெளியே வரமாட்டாள். அவள் எட்டிப் பார்த்த அன்று தோற்றால் அது அவளால். எட்டிப் பார்க்காத அன்று தோற்றால் ரெஃப்ரி சரியில்லை, மழை, மைதானத்தில் சேறு என்று காரணத்துக்கா பஞ்சம்? இந்த அநியாயத்தை அவள் யாரிடம் போய்ச் சொல்ல முடியும்.

கேலி கேலியோடு போயிருந்தால் பரவாயில்லை. பாவம், அவள் நம்பிவிட்டாள். மகன் சுந்தர் பள்ளி அணியில் கோல்கீப்பராக நின்ற முதல் மேட்சை ஒரு மரத்தடியில் ஒதுங்கி நின்று பார்த்தாள். பந்து மூன்று முறை அவன் கைக்கடியில் நழுவி உள்ளே போனது. அதன்பின் அவன் ஆடும் பக்கம் அவள் தலைவைத்துப் படுக்கவில்லை. அவன் சின்ன கிளப்பில் சேர்ந்ததும், பெரிய கிளப்புக்கு மாறியதும், கடைசியில் இந்திய அணிக்கே போனதும் அவளுக்குச் செவிவழிச் செய்திதான்.

இந்திய அணிக்குப் போனான் என்றால், அதன் பெஞ்சுக்குப் போனான். முதல் கீப்பருக்கு விரல் முறியும்வரை உட்கார்ந்தே கிடந்தான். ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் கடைசி ஆட்டம், வளைகுடா நாட்டு அணி ஒன்றோடு, கல்கத்தாவிலேயே, சால்ட் லேக் ஸ்டேடியத்தில். டிரா செய்தாலே இந்தியா மேலே போய்விடும். அதெல்லாம் நடக்கிற காரியமா, நாலைந்து கோலாவது வாங்குவோம் என்று ஊரே பேசிக்கொண்டது.

சுந்தர் இரண்டு டிக்கெட்டோடு வீட்டுக்கு வந்தான்.

"எம்மா, கோல்போஸ்டுக்கு நேர் பின்னால சீட்டு. ஒரு பாதி முழுக்க உன் கண்ணு முன்னால நிப்பேன். நீ வரணும்."

"நான் காளிகாட் போயி கும்பிட்டுக்கிடுதேன்யா. அங்கல்லாம் வேண்டாம்."

"அப்பா சொன்ன கோட்டித்தனத்த இன்னுமா நம்புத? நான் இந்தியாவுக்கு ஆடுதேம்மா. நீ பாக்காம ஊரே பாத்து எனக்கு என்னத்துக்கு?"

அதற்குமேல் அவளால் மறுக்க முடியவில்லை. வாரேன் என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் நல்ல சேலை உடுத்திக்கொண்டு கணவரோடு ஸ்டேடியம் வரை வந்தாள். காலரிப் படிக்கட்டுக்கு அடியில் வந்ததும் மேலிருந்து ஜனத்தின் இரைச்சல் இறங்கியது. வனஜா அங்கேயே நின்றுவிட்டாள். "நீங்க போங்க. நான் கீழ இருக்கேன்" என்றாள். வா என்று ஒரு வார்த்தை, கையைப் பிடித்து ஓர் இழுப்பு, அவ்வளவு போதும், அவள் ஏறியிருப்பாள். சிதம்பரம் ஒரு நிமிடம் யோசித்தார். "சரி, எதுக்கு வம்பு" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார்.

தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் சுவரோரம் அவள் உட்கார்ந்துகொண்டாள். தலைக்கு மேல் காலரி அதிர்ந்தது. இடைவேளையில் சிதம்பரம் முகமெல்லாம் சிரிப்பாக இறங்கி வந்தார். "ஒரு கோலும் விழல. பய சுவரு மாதிரி நிக்கான். நீ வராததும் நல்லதுக்குத்தான்." மகனைப் பற்றிய சந்தோஷத்தில் சொன்னதுதான். ஆனால் அதைக் கேட்டபின் அவள் எப்படி எழுந்திருப்பாள்?

இரண்டாம் பாதியில் திடீரென்று சத்தமெல்லாம் அடங்கியது. பெனால்டி என்று படியில் நின்று எட்டிப் பார்த்த கடலைக்காரன் ஒருவன் சொன்னான். வனஜா கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு எழுந்த ஆரவாரத்தில் சுவரே நடுங்கியது. "ஷுந்தோர், ஷுந்தோர்" என்று மொத்த ஜனமும் அவள் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கத்தியது. அவள் எழுந்து ஓடி முதல் படியில் காலை வைத்தாள். இன்னும் கொஞ்ச நேரம்தானே, நாமே கெடுப்பானேன் என்று காலைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

ஆட்டம் முடியும் தறுவாயில் அந்த கோல் விழுந்தது. அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அத்தனை பெரிய ஸ்டேடியம் மூச்சு விடாமல் இருந்தது. இறங்கி வந்தவர்களில் யாரோ, அந்த மதராஸிப் பையன் இல்லையென்றால் பத்து வாங்கியிருப்போம் என்று வங்காள மொழியில் சொல்லிக்கொண்டு போனார்கள்.

 பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்தபடி சிதம்பரம், "நான் அன்னைக்கு சும்மா கேலிக்குச் சொன்னதுட்டி" என்றார்.

"இன்னைக்குப் படிக்கட்டுல வச்சு அதச் சொல்லியிருக்கலாம்லா" என்றாள் வனஜா.

அடுத்த நாள் சுந்தர் வந்தான். முட்டி இரண்டும் சிராய்த்திருந்தன. பையைக் கீழே வைக்காமலே கேட்டான். "அப்பா மட்டும்தான் இருந்தாவ. நீ வரலயாம்மா?"

"வந்தேன்யா. கீழ, குழாய்கிட்ட இருந்தேன்."

"கடைசி வரையா?"

அவள் தலையாட்டினாள். வெகுநேரம் அழாமல் வைத்திருந்தது அப்போதுதான் உடைந்தது.

"பெனால்டியப் புடிச்சதும் திரும்பி உன்னத்தாம்மா தேடினேன்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். அவள் அழுவதைப் பார்த்துவிட்டு, அவனே பக்கத்தில் உட்கார்ந்து தோளைத் தொட்டான். "சரி, விடு. அடுத்த மேட்சுக்கு மேல வந்துரு. என்ன?"

"வாரேன்யா. சத்தியமா வாரேன்."

முதல் கீப்பரின் விரல் குணமாகிவிட்டது. அதன்பின் சுந்தரை இந்திய அணிக்கு யாரும் கூப்பிடவில்லை.