பெருவிரலில் பச்சை

சுண்டுவிரலில் இருந்தது முதலிலேயே வந்துவிட்டது. மோதிர விரலும் நடுவிரலும் கொஞ்சம் அடம்பிடித்தன. வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி வைத்ததும் மீன் செதில் போலக் கழன்றன. ஆட்காட்டி விரலுக்கு அரை மணி நேரம் பிடித்தது. பெருவிரல்தான் எதற்கும் மசியவில்லை. ஷிஹானா கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து, கணவர் ஹபீஸின் வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, நகத்தின் ஓரமாக ஓர் ஈர்க்கை நுழைத்துப் பார்த்தாள். ஈர்க்கு முறிந்தது. இது நாலாவது.

"உம்மா, பெரிய வாப்பா கேக்கிறார், இன்னம் எவ்வளவு நேரம் செல்லும்ன்டு." வெந்நீர்ப் பேசினோடு வாசலில் நின்றாள் மகள் ஷிப்னா.

"பெருவிரல் மட்டுந்தான் ஈக்கின்டு சொல்லு. அவருக்கு அவசரம்ன்டா நான் என்ன செய்ய?"

ஹபீஸ் நேற்றுக் காலை பத்து மணிக்கு வேலை மேசையில் தலையைச் சாய்த்தவர். ஷிஹானா தேத்தண்ணி கொண்டுபோனபோது தூங்குகிறார் என்றுதான் நினைத்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த் திரும்பி வரும்போது பின்னேரமாகிவிட்டது. இன்றைக்கு நடுப்பகல் லுஹர் தொழுகையோடு அடக்கம். அதற்கு முன் குளிப்பாட்ட வேண்டும். குளிப்பாட்டும்போது உடம்பில் ஓர் இடம் விடாமல் தண்ணீர் பட வேண்டும். நகத்தை மூடி எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது.

ஒட்டியிருந்தது அவருடைய தொழில். நீலம் ஒன்று, மஞ்சள் ஒன்று என இரண்டு நாடாக்களாக வரும், களிமண் போன்ற புட்டி அது. சம அளவில் வெட்டிப் பிசைந்தால் பச்சையாகும். பிசைந்ததிலிருந்து ஒன்றரை மணி நேரம் சொன்ன பேச்சுக் கேட்கும். பிறகு ரப்பராகி, மறுநாள் கல்லாகிவிடும். அதைக் காசளவு வட்டத் தட்டில் பரப்பி, மேலே அச்சை வைத்து அழுத்தினால் கல் பதித்த தெரு, வெடித்த தரை, வேரோடிய மண் என்று ஒரு துண்டு நிலம் எழும்பும். எங்கேயோ குளிர் நாட்டில் மேசை மேல் போர் விளையாட்டு ஆடுகிற பெரிய மனிதர்கள், விரல் உயர வீரர்களை அந்த நிலத்தில் ஒட்டி நிறுத்துவார்களாம். இதற்கும் ஆள் இருக்கிறதா என்று ஷிஹானா முதலில் சிரித்தாள். இருந்தது.

பதுளை பஜாரில் புடவைக்கடையொன்றில் இருபத்தாறு வருடம் துணி அளந்தவர் ஹபீஸ். இரண்டு வருடத்துக்கு முன்னால் இடது பக்கம் இழுத்துக்கொண்டது. ஒற்றைக் கையால் துணி அளக்க முடியாது. ஆனால் அச்சை அழுத்த ஒரு கை போதும். ஷிப்னாவுடன் கம்பஸில் படித்த பிள்ளை ஒன்று இந்த வேலையைக் காட்டித் தந்தது. அச்சுகளை அவரே செய்துகொண்டார். ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் வெட்டிப்போட்ட தேயிலைத் தூரின் பட்டை, அப்புத்தளை ஸ்டேஷன் மேடையின் கல், பழைய சாக்கு என்று கண்டதிலெல்லாம் புட்டியை ஒற்றி எடுத்துக் காயவைத்தால் அது அச்சு. வெள்ளைக்காரனின் வீரர்கள் ஊவா மண்ணில் நின்று சண்டை பிடிக்கிறார்கள் என்று சொல்லிச் சிரிப்பார்.

அவருடைய அண்ணன் முன்ஸிபுக்கு அந்தச் சிரிப்பு பிடிக்காது. "பொம்மைக்கு நிலம் செய்யிற வேலையும் ஒரு வேலையா?" என்று பெருநாள் சாப்பாட்டின்போதே கேட்டவர். "ஆளுகள் அவங்கட, நானா. நிலம் மட்டுந்தான் எங்கட," என்றார் ஹபீஸ். உண்மைதான். மாதிரிக்குக்கூட ஒரு பொம்மை வீட்டுக்குள் வந்ததில்லை.

ஷிஹானாவின் சண்டை வேறு. ஐந்து வேளையும் அவர் தொழுகைக்காகக் கைகால் கழுவி ஒளுச் செய்யப் போகும்போது கையைப் பிடித்துப் பார்ப்பாள். "நகத்துல இத வெச்சிட்டு தொழுதா கூடுமா?" அதற்குத்தான் எண்ணெய் வந்தது. வேலை தொடங்குமுன் விரலிலும் அச்சிலும் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டால் புட்டி இரண்டிலும் ஒட்டாது. சவர்க்காரம் போட்டால் போய்விடும். இடது கையால் போத்தலைப் பிடிக்க முடியாததால் மூடியைத் திறக்க அவருக்கு ஏலாது. தினமும் காலையில் ஷிஹானாதான் மூடியைத் தளர்த்தி, வலது கைக்கு எட்டும் இடத்தில் வைப்பாள்.

முன்ஸிப் உள்ளே வந்தார். ஹாட்வெயார் கடைக்காரர், கையில் தின்னர் போத்தலும் ஒரு பிளேடும்.

"இத பூசிப் பாருங்கொ. இல்லாட்டி பிளேட்டால சீவி எடுப்பம். ஆக்கள் வந்து நிக்கிறாங்க."

தின்னரைப் பூசினாள். அறையெல்லாம் நாறியது. பச்சை அசையவில்லை. முன்ஸிப் பிளேடை உறையிலிருந்து எடுத்தார்.

"வேணாம் மச்சான்."

"வேற வழி?"

"அவருக்கு நோகும்."

முன்ஸிப் அவளைப் பார்த்தார். தம்பியின் முகத்தைப் பார்த்துவிட்டு, பிளேடை உறைக்குள் போட்டார். "நான் அப்பவே சொன்னன், இந்த வேல வேணாம்ன்டு," என்று மட்டும் சொன்னார். ஷிஹானாவுக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

இரண்டு வருடமாக அவள் முழு இரவு தூங்கியதில்லை. மருந்து, மூத்திரப் போத்தல், கிளினிக் வரிசை, தையல் மெஷின். நேற்று டொக்டர் தலையை அசைத்தபோது, இனிக் கொஞ்சம் உட்காரலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். அடுத்த நிமிடமே அந்த நினைப்பை நினைத்து வெட்கமாகிப்போயிற்று. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை. அதைவிடப் பெரிய ஒன்று அடியில் கிடந்தது.

நேற்றுக் காலை அவள் குசினியில் லீக்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். "எண்ணெ போத்தல ஒருக்கா தாங்கொ," என்று கூப்பிட்டார். அவள் நறுக்குவதை நிறுத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் மறுபடி கூப்பிட்டார். "எல்லாத்துக்கும் என்னயே கூப்பிடுங்கொ! இன்டெக்கி ஒரு நாள் எண்ணெ இல்லாம செய்யுங்கொ," என்று கத்தினாள். அவர் பிசையத் தொடங்கிவிட்டார் போலும். இதை அவள் யாருக்கும் சொல்லவில்லை. பெருவிரலுக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும்.

பள்ளிவாசலில் இறந்தவர்களின் மையித்தைக் குளிப்பாட்டும் மொஹிதீன் நானா கதவருகே வந்து செருமினார். எழுபது வயது, அவசரப்படாத மனிதர். கட்டிலில் குனிந்து பெருவிரலைத் தன் விரலால் தடவிப் பார்த்தார்.

"மிச்சம் பாடுபட்டீக்கிறீங்க, தங்கச்சி. இதுக்கு மேல எடுத்தா நகமும் சேந்து வந்துடும். விடுங்கொ."

"தண்ணி படாதே, நானா."

"படுற எடமெல்லாம் படட்டும். படாத எடத்துக்காக, தண்ணிக்குப் பதிலா மண்ணால தடவி தயம்மும் செஞ்சி விடுவம். அதுக்கும் வழி ஈக்கி." முன்ஸிபின் பக்கம் திரும்பினார். "காஞ்ச மண் வேணும். சுத்தமான மண். தட்டினா தூசி பறக்கோணும்."

முன்ஸிப் ஜன்னலைப் பார்த்தார். ஐந்து நாளாக விடாத மழை. மதிலோரம் சேறு, பூச்சட்டியெல்லாம் சேறு. ஆள் அனுப்பினார், பக்கத்து வீட்டு மாடிப்படியின் கீழிருந்து ஒரு பிடி கொண்டுவந்தார்கள். உள்ளங்கையில் உருண்டையாகப் பிடிபட்டது.

"கடையில சீமெந்து ஈக்கி. நல்லா காஞ்சது," என்றார் முன்ஸிப்.

"சீமெந்து மண் இல்லயே, முன்ஸிப்."

"தெரியும், நானா. மண்டை வேல செய்யுதில்ல." முன்ஸிப் கதவு நிலையில் சாய்ந்துகொண்டார்.

ஷிஹானா எழுந்தாள். முழங்கால் மரத்துப்போயிருந்தது. மேசைக்குக் கீழே, அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் கையை விட்டு மூன்று பால்மா டின்களை வெளியே இழுத்தாள். மூன்றிலும் ஷிப்னாவின் எழுத்து. ஒன்றில் சரளை, ஒன்றில் குறுமணல். மூன்றாவதில் ஸ்பிரிங்வெளி மண். மூன்று தரம் அரித்தது. அச்சு அழுத்திய நிலத்தின் வெடிப்புகளில் தூவுவதற்கு ஹபீஸ் வைத்திருந்தது. இந்த மண்ணைக் காயவைக்க அவளுடைய சுளகை எடுத்தார். அரிப்பதற்கு அவளுடைய மா அரிதட்டை எடுத்தார். இடியப்ப மாவில் மண் கடிபட்ட அன்று அவள் போட்ட சத்தம் மூன்று வீட்டுக்குக் கேட்டது. மறுநாளே புது அரிதட்டு வாங்கினாள். பழையதை அவருக்கே கொடுத்துவிட்டாள்.

மூடியைத் திறந்தாள். செம்மண் தூசி லேசாக எழும்பியது.

மொஹிதீன் நானா ஒரு சிட்டிகை எடுத்து விரலிடையே தேய்த்தார். "எங்கத்த மண் இது?"

"ஸ்பிரிங்வெளியில, தேயிலக்கி மேல. மனிசர் மாடு போற எடம் இல்ல. சித்திரயில ஓட்டோவில போய் அவரே எடுத்தார்."

"பெயின்ட், பசை ஒண்டும் கலந்தில்லயே?"

"இல்ல, நானா. என்ட சுளகுலதான் காஞ்சது. என்ட அரிதட்டுலதான் அரிச்சது. நான் பொறுப்பு."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார் அவர். "இவ்வளவு நல்ல மண் பள்ளியிலயும் இல்ல."

பின் வளவில் தறப்பாள் கட்டி, சுற்றிலும் சேலையால் மறைத்திருந்தார்கள். இலந்தை இலை போட்ட தண்ணீர் ஆவி விட்டது. மனைவி என்பதால் அவளை உள்ளே விட்டார்கள். குளிப்பாட்டி முடிந்து, துடைத்த பிறகு, மொஹிதீன் நானா இரண்டு கைகளையும் டின்னுக்குள் மெல்லத் தட்டி ஹபீஸின் முகத்தில் தடவினார். மறுபடி தட்டிக் கைகளில் தடவினார். வலது கையில் தடவும்போது பச்சைப் பெருவிரல் செம்மண்ணாயிற்று. ஷிஹானா பிடித்திருந்த டின் ஒரு பக்கம் சாய்ந்தது. முன்ஸிப் பக்கத்தில் வந்து டின்னைத் தன் கையால் தாங்கிக்கொண்டார்.

ஹபீஸைச் சுமந்த சந்தூக்கு லுஹருக்கு முன்னால் புறப்பட்டது. ஆண்கள் குடைகளோடு பின்னால் நடந்தார்கள். கலிமாச் சத்தம் வளைவு தாண்டும்வரை கேட்டது. பிறகு மழை மட்டும் கேட்டது. வந்திருந்த பெண்கள் முன்னறையில் யாஸீன் ஓத உட்கார்ந்தார்கள். யாரோ அவளைப் படுக்கச் சொன்னார்கள்.

அவள் மேசை அறைக்குப் போனாள். ஷிப்னா அங்கே நின்றுகொண்டிருந்தாள். மேசையில் நேற்றைய வேலை அப்படியே கிடந்தது: வெறும் தட்டுகள் நாலு வரிசை, கல்லாகிப்போன ஒரு பச்சை உருண்டை, ஒரே ஒரு தட்டில் மட்டும் பரப்பிய புட்டி. அதன் மேல் தேயிலைத் தூர் அச்சு நின்றுகொண்டிருந்தது. ஷிப்னா அச்சைப் பிடித்துத் தூக்கினாள். தட்டும் சேர்ந்து வந்தது.

"ஒட்டிப் பெய்த்திட்டு ஈக்கி, உம்மா," என்றாள். "நேத்து வாப்பா எண்ணெ பூச மறந்திட்டாரா?"

ஷிஹானா திரும்பினாள். குசினிக்குப் போனாள். தாளிக்கும் சட்டிக்குப் பக்கத்தில், நேற்று இருந்த இடத்திலேயே எண்ணெய்ப் போத்தல் இருந்தது. அதை எடுத்துவந்து, மூடியை அரைச் சுற்றுத் தளர்த்தி, மேசையின் வலது பக்கத்தில், கைக்கு எட்டும் இடத்தில் வைத்தாள்.